போறணைக் குழாயின் வெள்ளிப் பூச்சு

இன்று காலை, பாண் ரொட்டி சுடும் போறணை அடுப்புக்குள் நாலு விறகுதான் வைத்தேன். சற்று நேரத்தில் புகைக்குழாயில் புதிதாகப் பூசிய அலுமினியப் பூச்சு சூடேறி, பெயின்றும் கருகலும் கலந்த அந்த மணம் வெதுப்பகம் முழுக்கப் பரவியது. உன் சட்டையில் எப்போதும் இருந்த மணம். நீ போய் ஒரு வருடமாகப் போகிறது, மச்சான்.

இந்த முல்லைத்தீவுக் கரையில் இரும்பு உப்புக்காற்றுக்குத் தப்பாது. என் குழாய்க்கு உள்ளே நெருப்பு வேறு. துத்தநாகம் பூசிய குழாய் வாங்குவோம் என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். "அது உப்பைத் தாங்கும், நெருப்புக்கு உரிஞ்சு போயிடுமடா. அலுமினியம்தான் ரெண்டுக்கும் நிக்கும்." படகு எஞ்சின்களின் புகைக்குழாய்களுக்குப் பூசிப் பழகிய கை உன்னுடையது. இரும்பு மினுங்கும்வரை துருக் கறளைச் சுரண்டினாய். மெல்லியதாக இரண்டு தரம் பூசினாய். ஏணியால் இறங்கும்போது சொன்னாய்: "மூண்டு நாளைக்குச் சின்ன நெருப்பு மட்டும். பூச்சு இரும்போடை இறுகட்டும். அவசரப்பட்டியோ, கொப்பளிக்கும்."

மறுநாள் கோயில் பெருநாள். ஊரே பாண் கேட்டு வரும் நாள். என் அவசரப் புத்தி உனக்குத் தெரியாததா? போறணையை நிரப்பி எரித்தேன். பாண் நன்றாகத்தான் வந்தது. பின்னேரம் பார்த்தால் குழாய் முழுக்கக் கொப்புளம். அடுத்த மழையோடு கறள் கசியத் தொடங்கியது. சந்தியில் வள்ளக்காரர் எல்லாரும் நிற்க, உன்னைப் பார்த்துக் கத்தினேன்: "பழைய பெயின்றைப் பூசி என்னை ஏமாத்திப்போட்டாய்!"

"மூண்டு நாளும் சின்ன நெருப்புத்தானே வைச்சனீ?" என்று மட்டும் கேட்டாய்.

"ஓம்" என்றேன், கூசாமல்.

அடுத்த கிழமை நீயாகவே வந்து, எல்லாவற்றையும் சுரண்டித் திரும்பப் பூசினாய். ஆனால் அதற்குப் பிறகு வள்ளக்காரர் பலர் உனக்கு வேலை தரவில்லை. அது என்னுடைய ஒரு "ஓம்" செய்த வேலை. உண்மையைச் சொல்ல எத்தனை தரம் உன் வீட்டு வாசல் படலைவரை வந்திருப்பேன். வந்து, மீன் விலையைக் கதைத்துவிட்டுத் திரும்பினேன். பிறகு உனக்கு நெஞ்சுநோ வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தபின் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்.

"அவருக்குத் தெரியும் அண்ணை. பெருநாளண்டைக்கு நான்தானே உங்களிட்டைப் பாண் வாங்கினனான். சுடச்சுட இருந்த பாணைக் கையிலை எடுத்துப் பாத்திட்டு, 'சின்ன நெருப்பிலை பாண் வேகாது. பெரிய நெருப்பு வைச்சிட்டான், பூச்சு போச்சு' எண்டவர். சந்தியிலை அதைச் சொன்னால் உங்கடை மரியாதை போயிடும் எண்டு பேசாமல் வந்தவர்."

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். என் பொய்யைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறாய். பார்த்தும் எனக்காக ஏணி ஏறியிருக்கிறாய்.

இந்த முறை பூச்சு பழசாகித் தேய்ந்ததும் நானே சுரண்டி, நானே பூசினேன். இன்று சின்ன நெருப்பின் இரண்டாம் நாள். பாண் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஏன் பாண் இல்லை என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பதில்தான்: "முந்தி அவன் பூசினது நல்ல பூச்சு. நான்தான் அவசரப்பட்டு எரிச்சுப் பழுதாக்கினனான்." வள்ளக்காரர்கள் குனிந்தபடி போகிறார்கள்.

சொல்ல வேண்டிய ஆளைத் தவிர எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், மச்சான்.