மாட்டாஸ்பத்திரிக் கல்லுக்கு நூற்றாண்டு விழா

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஊருக்குத்தான் புத்தி சுகமில்லை. நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லாரும் நலமாய் இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி விட்டதா, அந்தக் குளிரில் குல்லா இல்லாமல் வெளியே விடாதே. நான் வேலை பார்த்த நூலகத்துக்கு அடுத்த வாரம் நூற்றாண்டு விழாவாம், சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா தெரியவில்லை. முன் தாழ்வாரத்துக் கல்லில் ஒரு வருஷம் செதுக்கியிருக்கிறதே, அதைப் பார்த்து நகராட்சித் தலைவர் கண்டுபிடித்துவிட்டார், பெரிய ஆராய்ச்சி! நான் வேலையில் சேர்ந்த பிறகு கட்டிய தாழ்வாரம் அது. இடித்துப்போட்ட மாட்டாஸ்பத்திரியிலிருந்து கல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள், எழுத்தை உள்பக்கம் திருப்பி வை என்று தொண்டை கிழியச் சொல்லியும் கொத்தனார் வெளியே தெரியப் பதித்துவிட்டார். தலைவரின் மச்சான் வரலாறு வேறு எழுதியிருக்கிறான், அங்கே அறிஞர்கள் உலாவினார்களாம். எருமைதான் உலாவியிருக்கும்.

அதோடு விட்டிருந்தால் தொலையட்டும் என்று இருந்திருப்பேன். பின்னால் ஓட்டுக்கூரை அறை, தபால் மூட்டை வைக்கக் கட்டியது, அந்தக் கல்லைவிடப் பதினைந்து வருஷம் மூத்தது. ஒரு அலமாரியும் நாற்பது புத்தகமுமாய் நூலகம் தொடங்கியதே அதில்தான். அது பழம்பெருமையைக் கெடுக்கிறதாம், இடித்துவிட்டுக் கார் நிறுத்தப் போகிறார்களாம்! தேதி போட்ட பழைய வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். தலைவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ரிட்டயர் ஆனவங்க வீட்டுல நிம்மதியா இருக்கலாமேம்மா என்றார். இந்த அழகில் இவர் வரலாற்றைக் காப்பாற்றுகிறாராம். ஒழுகிய கூரைக்குக் கீழே நின்று என் புடவையால் புத்தகங்களை மூடியவள் நான்.

உனக்கேம்மா இந்த வம்பு என்று நீ போனில் கேட்டாய். இந்தக் கடிதத்தை அந்த அறைக்குள்ளிருந்துதான் எழுதுகிறேன். காலையிலேயே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இடிக்க வந்த மேஸ்திரி, நீங்க வெளிய வராம ஒரு ஓட்டைக்கூடத் தொடமாட்டேம்மா என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இருக்கிற அறிவு நகராட்சி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. உன் அப்பா, என்னைத் திட்டிக்கொண்டே சாப்பாடு கொண்டுவந்தவர், இப்போது வாசலை அடைத்து நாற்காலி போட்டுவிட்டார். தலைவர் கிளம்பிவிட்டாராம், வரட்டும்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். கடிதத்தை அப்பாவிடம் ஜன்னல் வழியே கொடுத்து அனுப்புகிறேன். போன் எடுக்கவில்லை என்றால் பயப்படாதே, உள்ளே சிக்னல் இல்லை, நான் எழுந்து வெளியே போவதாகவும் இல்லை.

அன்புடன்,
அம்மா