பிற்பகல் கையெழுத்து

13 நவ., புதன். கொல்லம். விடாத மழை.
இல்லை, நான் வற்புறுத்தவில்லை. ஊருக்குக் கூட்டிப் போ என்று அவர்தான் கேட்டார். ஈரலில் கட்டி. டாக்டர் சொன்னது நாள் கணக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசுக் கல்லூரியிலிருந்து அயற்பணியாக இங்கே பாடம் நடத்த வந்தவர் என் கணவர். குழுக் காப்பீடு, அதாவது பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது, வெளிமாநிலத்தில் இருக்கும்வரை செல்லாதாம். இப்போதுதான் தெரிகிறது. பழைய கல்லூரிக்குத் திரும்பிக் கையெழுத்துப் போட்டால் மறுபடி உயிர் வரும். காப்பீட்டுக்கு.

"அதுவும் இல்லைன்னா நீயும் பாப்பாவும் என்ன செய்வீங்க?" சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

எம்.ஏ. படித்தவள். ரயில் நேரம் பார்த்தேன்.

14, வியாழன். ரயில்.
இங்கே பணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். எடுத்துக்கொண்டவை: பிளாஸ்க், ரப்பர் ஷீட், மாத்திரை, அவருடைய நல்ல சட்டை. அதில் இப்போது இரண்டு பேர் நுழையலாம்.

எதிர் சீட்டு அம்மாள்: "சாருக்கு என்ன செய்யுது?"
"காய்ச்சல்."
"காச்சலுக்கா இம்புட்டுத் தூரம்?"

செங்கோட்டைக்கு முன் குகை. இருட்டில் என் கையைப் பிடித்தார். வெளிச்சம் வந்ததும் விட்டுவிட்டார்.

15, வெள்ளி. நல்ல வெயில்.
இரவு செங்கோட்டையில் தங்கி, தாமதமாக வந்த காலை ரயிலைப் பிடித்தோம். ராஜபாளையம் ஸ்டேஷனில் மாமா, இவர் அப்பா, வாடகைக் காரோடு. நேரே ஸ்ரீவில்லிபுத்தூர். கல்லூரி வாசலில் மாமா கார்க் கதவைத் திறக்க விடவில்லை.

"ராகு காலம்மா. பன்னெண்டு வரைக்கும் செத்த பொறு. எம் மவன் நல்ல நேரத்துல கையெழுத்துப் போடட்டும்."
"அவியளால உக்கார முடியலை மாமா."
"எம்புட்டோ பொறுத்தான். இதைப் பொறுக்க மாட்டானா?"

இவர் சிரித்தார். "விடு. அப்பா ஆசை."

காருக்குள் சூடு. அவர் பாடம் நடத்திய அறையின் ஜன்னல் தெரிந்தது. உள்ளே யாரோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு தாண்டி, மாமாவும் டிரைவரும் தாங்கிப் போனார்கள். போட்டார். முதல் எழுத்து மட்டும் பழையபடி.

கிளார்க் பேனாவை மூடவில்லை. "காலைல வந்திருந்தா இன்னைக்கே சேந்ததா கணக்கு. பன்னெண்டு தாண்டிருச்சே, பிற்பகல். நாளைலேருந்துதான்."
"முன்னாடி போட்டதா எழுதக் கூடாதா?"
"பிரின்சிபால் பக்கத்துலயே நிக்காரும்மா." குரலைத் தாழ்த்தினார். "மழை லீவுக்கு ஈடா நாளைக்குக் காலேஜ் உண்டு. சார் திரும்ப வர வேண்டாம், பத்து மணிக்கு ஆபீஸ் திறந்ததும் சேந்ததா ஆயிரும். அதுவரைக்கும் சார்..."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

16, சனி. ராஜபாளையம், வீடு. மேகம்.
மில் சங்கு. "மணி என்ன?" என்றார். சொன்னேன். கொஞ்சம் கழித்து மறுபடி, "மணி?" அப்புறம் கேட்கவில்லை.

மாமா தெருவில் நிற்கிறார். உள்ளே வர மாட்டேன் என்கிறார். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டேன்.

ஸ்பூனில் தண்ணீர். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்ச நேரம் என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். எதற்காகச் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

மூச்சு நின்றது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து தாண்டியிருந்தது. பிறகு அவர் கண்களை மூடினேன்.