ராணி போட்ட ஜாக்கெட்

வைகாசி, செவ்வாய் இரவு

தேவியின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி மட்டும்தான் பாக்கி. காலையில் வாங்க வந்துவிடுவாள். கை ஓடவில்லை.

கல்வராயன் மலைப் பெண். வியாழக்கிழமை கல்யாணம். கரையில்லாத சந்தன நிறம், முழுக்கை, கழுத்து வரை மூடிய மாடல். கள்ளக்குறிச்சியில் இப்போது எந்தக் கல்யாணப் பெண் வந்தாலும் இதைத்தான் கேட்கிறாள். வெள்ளிக்கிழமை வரப்போகும் படத்தின் போஸ்டரில் ராணி இதைத்தான் போட்டிருக்கிறாள். படத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அது பழைய நாவல், நான் படித்திருக்கிறேன். போரில் ராஜா செத்த பிறகு, நகையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு ராணி போடுகிற ரவிக்கை அது.

அளவு கொடுத்த அன்றே, "அரக்குல தைக்கட்டுமாம்மா, உனக்கு எடுப்பா இருக்கும்" என்று இழுத்துப் பார்த்தேன்.

முகம் சுருங்கிவிட்டது. "இன்னாக்கா, டவுன் பொண்ணுங்க போட்டா நல்லாருக்கு, மலைக்காரி போட்டா நல்லாருக்காதா?"

அதற்கு மேல் என்ன சொன்னாலும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வாள் என்று வாயை மூடிக்கொண்டேன். மற்ற பெண்களிடமும் நான் சொல்லவில்லைதான். அப்போதெல்லாம் தூக்கம் வந்தது.

இன்று போட்டுப் பார்த்தாள். கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"வெள்ளிக்கெழம மொத ஆட்டத்துக்கே அவரு டிக்கெட் போட்டுட்டாருக்கா. இதையே போட்டுக்கினு போவப்போறேன். எங்க மாமியாரும் வராங்க."