பொங்கல் இல்லாத மார்கழி

டிசம்பர் 11, வியாழன்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பாசிப்பயறும் வெல்லமும் வாங்கி வந்தோம், கிறிஸ்துமஸ் பலகாரம் முந்திரிக்கொத்துக்கு. வெல்லத்தில் கால்வாசி பஸ்ஸிலேயே மாயம். தின்றது என் கணவர் தங்கதுரை என்பதால் மன்னித்துவிட்டேன்.

இருபதாம் தேதி சர்ச்சிலிருந்து எங்கள் வீட்டுக்கு கேரல் பாட வருகிறார்கள். இந்த அடுக்குமாடி சொசைட்டியில் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அத்தனை பேர் வாசலில் நின்று பாடும் அந்த ஒரு மாலை, எங்கள் இரண்டு ரூம் வீடுதான் இங்கே பெரிய வீடு!

டிசம்பர் 13

சொசைட்டி செயலாளர் சேத்தி லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "ஜெபராணி ஜி, இந்த வருஷம் பாட்டு வேண்டாம். மதம் மாத்த வர்றாங்கன்னு கம்ப்ளெயின்ட்."

எவ்வளவு பணிவாகச் சொல்கிறார்! யாரை மாத்தினோம்? எத்தன வருஷமா பாடுதோம்? எம் புருசன ஒரு நல்ல சட்டைக்கு மாத்த முடியல என்னால!

"விடுட்டி, சர்ச்சுலயே பாடிக்கிடுவோம்" என்கிறார் தங்கதுரை. குக்கர் விசில் அடிக்கும்போது அழுதேன். அவருக்குக் கேட்டிருக்காது.

டிசம்பர் 15

லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ். எங்களை மட்டும் தடுத்ததாகத் தெரியக்கூடாதாம் — "எந்த மதத்தினரும் வளாகத்தில் கூட்டமாகப் பாடக் கூடாது." கெட்டிக்காரர்தான். ஆனால் நாளை மார்கழி பிறப்பது பஞ்சாபிக்காரருக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 16

எதிர்வீட்டு விஜயலக்ஷ்மி மாமி வருஷா வருஷம் மார்கழி முழுக்க விடியற்காலையில் பார்க்கில் பஜனை நடத்துவார். முடிந்ததும் நெய் சொட்ட வெண்பொங்கல். வரிசையில் முதல் ஆள் சேத்தி. இன்று பஜனையும் இல்லை, பொங்கலும் இல்லை. பனிமூட்டத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒரு கூட்டமே வெறுங்கையோடு நின்றது.

ஓடிப்போய், "மாமி, எங்களால உங்க பஜனை நிக்கக் கூடாது" என்றேன்.

"உங்களாலயா? நோட்டீஸ் போட்டது நீயா? நீ பாடப்படாதுன்னா நானும் பாடப்படாது, அவ்ளோதான். காபி சாப்பிடறயா?"

டிசம்பர் 17

பொங்கல் இல்லை. காவலாளிகூட என்னிடம் துக்கம் விசாரித்தார்.

டிசம்பர் 19

நோட்டீஸைக் காணோம்! "ஆன்ட்டிஜி, நாளைக்காவது...?" என்று மாமியிடம் இழுத்தாராம் சேத்தி. "முதல்ல ஜெபா வீட்ல பாடட்டும்" என்றாராம் மாமி. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஆனாலும் சேத்தி இறங்கி வந்தது பொங்கலுக்காக. எங்களுக்காக இல்லையே. அது வலிக்கத்தான் செய்கிறது.

டிசம்பர் 20

பாடியாயிற்று! எங்கள் வீட்டில், மாமி வீட்டில், கேட்டுக்கொண்ட இன்னும் சில வீடுகளில். சேத்தி வீட்டை மட்டும் சத்தமில்லாமல் கடந்தோம். தங்கதுரை டோலக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

கதவு திறந்தது. சேத்தியின் மனைவி, செருப்புகூடப் போடாமல், தட்டில் கஜக் என்ற எள்ளு மிட்டாயோடு.

"ஜெபராணி தீதி, எங்க வீட்டை மட்டும் ஏன் விட்டுட்டுப் போறீங்க?"

ஒரு வாரமாக எத்தனை பதில் யோசித்து வைத்திருந்தேன்! அத்தனையையும் விட்டுவிட்டுப் பாட்டை எடுத்தேன்.

சேத்தி வெளியே வரவில்லை. இரண்டாவது அடி பாடும்போது, உள்ளே அலறிக்கொண்டிருந்த டி.வி.யை யாரோ நிறுத்தினார்கள்.