சுவரில் சரியாக விழுந்த வெளிச்சம்

நவம்பர் 6, வியாழக்கிழமை

பால்காரருக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. காரணம் என் பைக்கின் விளக்கு.

நேற்றுதான் பென்னாகரத்தில் கூடுதல் விளக்குகளுக்கு எல்.இ.டி. போட்டேன். புது செட் வாங்க மனம் வரவில்லை. "பழைய கூடே இருக்கட்டுங்க சார், உள்ள பல்ப மட்டும் மாத்திக்கலாம். பாதிக் காசுல முடிஞ்சிரும்," என்றார் மெக்கானிக். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, வெளிச்சம் சுவரில் எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருகை முடுக்கினார். ஆள் ஏறினால் பின்பக்கம் தாழும், வெளிச்சம் மேலே எழும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

இன்று இருட்டும் நேரத்தில் ஒகேனக்கல் சாலையில் வந்தோம். பின்னால் மனைவி. எதிரே மொபெட்டில் வந்தவர் கையால் கண்ணை மறைத்தார். அடுத்த நொடி பள்ளத்தில் கிடந்தார். கேன் உருண்டு பாலெல்லாம் மண்ணில். விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"எவனோ கண்ணுல லைட்ட அடிச்சுட்டுப் போயிட்டானுங்க. நீங்களாச்சும் நின்னீங்களே," என்றார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே வைத்துத்தான் நான் பத்திரிகை நிருபர் என்று தெரிந்துகொண்டார்.

"பேப்பர்காரருங்களா? இந்த லைட்டுக்காரனுங்களப் பத்தி நறுக்குனு எழுதுங்க சார். காலையில யாருங்க மாடு கறப்பா?"

எழுதுகிறேன் என்றேன். பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்துக் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "யாரு வண்டின்னு எழுதப் போறீங்க?"

முப்பது வருடமாக எழுதுவதையே எழுதினேன்: எதிரே வந்த, அடையாளம் தெரியாத வாகனம்.

செய்தி ஆபீசுக்குப் போய்விட்டது. திருத்திப் போடும் டெஸ்க்கில் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.