டக் என்ற சத்தம்

சத்தியவேடு பக்கம்
10.11.2025, இரவு

மோகனப்ரியா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நான் தேன்மொழி. கம்பெனியில் நீங்கள் மேற்பார்க்கும் லைனில் வேலை செய்யும் சுந்தரம்மாவின் மகள், பத்தாவது படிக்கிறேன். அம்மா உங்களுக்கென்று தினமும் கொண்டு வரும் குழம்புக் கிண்ணத்தின் அடியில் இதை ஒட்டி அனுப்புகிறேன். அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். போனில் பேச முடியாது. ரேணிகுண்டாவில் வேலை பார்க்கும் அப்பா, எங்கள் நைனா, வந்தால் முதலில் அம்மாவின் போனைத்தான் எடுத்துப் பார்ப்பார்.

எங்கள் வீட்டில் இப்போது எதற்கெடுத்தாலும் நீங்கள்தான். "மோகனா மேடம் இப்பிடிதான் தலை வாருவாங்க", "மேடத்துக்கு காரம் ஆகாது". உங்கள் பிறந்தநாளுக்கு அம்மா விடியலில் எழுந்து வடை சுட்டாள். என் பிறந்தநாளன்று ஓவர்டைம்.

இன்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அம்மாவின் கண் சிவந்திருந்தது. "இன்னாம்மா ஆச்சி?" என்றேன். "ஒண்ணுமில்லடி. மேடம் கிட்ட கொஞ்சம் பேசிக்கினு இருந்தேன்" என்றாள். உங்களிடம் என்றால் பேச்சு, என்னிடம் என்றால் ஒன்றுமில்லை.

அம்மா என்ன சொன்னாள்? வேலையை விட்டு எடுக்கப் போகிறீர்களா? எடுத்துவிட்டால் நைனா எங்களை ரேணிகுண்டாவுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். அது மட்டும் வேண்டாம்.

பதிலைக் கழுவிய கிண்ணத்துக்குள் வையுங்கள். வீட்டில் பாத்திரம் எடுத்து வைப்பது நான்தான்.

தேன்மொழி

—

11.11.2025

தேன்மொழிக்கு,

அன்பு. உன் அம்மா உன்னைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. அதை முதலில் தெரிந்துகொள். என்னை அக்கா என்றே கூப்பிடலாம்.

மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் வேலை காருக்கான வயர்களைச் செருகுவது. செருகினால் டக் என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வந்தால்தான் உள்ளே பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். லைனிலேயே சுத்தமான கை உன் அம்மாவுடையது. தீபாவளிக்குப் பிறகு அவர் செருகியவை கழன்று திரும்பி வருகின்றன. கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. ஆள் வேலையில் தடுமாறினால் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அதனால் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன்.

அவர் சொன்னதை உன்னிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். உன் கையில்தானே மருந்து இருக்கிறது, அதனால் சொல்கிறேன். நீ சரியாகப் படிப்பதில்லையாம். அந்தக் கவலையில் அவருக்கு ராத்திரி தூக்கமில்லை. கொஞ்சம் கவனித்துப் படிம்மா. வயர் இன்னொரு தடவை கழன்று திரும்பி வந்தால் மேனேஜர் கேட்பார், என்னால் தடுக்க முடியாது.

பிரியத்துடன்,
மோகனப்ரியா

—

11.11.2025, இரவு

மேடம் அவர்களுக்கு,

நானா படிப்பதில்லை? கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். எங்கள் கணக்கு சார் ஜெயபிரகாஷைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பதிலைப் படித்ததும் அழுகை வந்தது. அப்புறம் ஒரு சந்தோஷம் வந்தது. அம்மா உங்களிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறாள். நீங்கள் ஒன்றும் அவளுக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை.

உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கவலையில் கை தடுமாறவில்லை. அந்த டக் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. தீபாவளிக்கு வந்த நைனா இடது காதோடு சேர்த்து அறைந்தார். கோழிக் குழம்பில் உப்பு அதிகமாம். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அன்றிலிருந்து அந்தக் காதை அடிக்கடி பொத்திக்கொள்கிறாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால்கூட நான்தான் சொல்கிறேன். எனக்கும் அவள் வாயால் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். நீங்கள் கண்டுபிடிக்கவில்லை.

இதை எழுதும்போது பெருமையாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. காது கேட்காதவர்களை உங்கள் கம்பெனியில் வைத்துக்கொள்வார்களா? நான் எழுதியது நைனாவுக்குத் தெரிந்தால்? இந்தச் சனிக்கிழமை வரமாட்டேன் என்று போன் செய்தார். அடுத்த சனிக்கிழமை வருவார்.

கிழித்துவிடுங்கள்.

தேன்மொழி

—

17.11.2025

என் தேன்மொழிக்கு,

கிழித்துவிட்டேன். பயப்படாதே.

சனிக்கிழமை ஓவர்டைம் என்று உன் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பார். அன்று நாங்கள் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம். செவிப்பறையில் கிழிசல். மருந்து கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் தானாகவே மூடிவிடுமாம், இல்லையென்றால் சின்ன ஆபரேஷன். காதில் தண்ணீர் படக்கூடாது. தலை குளிக்கும்போது நீ பார்த்துக்கொள்.

வேலை போகவில்லை. வயர்களின் நிறம் சரியா என்று கண்ணால் பார்க்கும் மேஜைக்கு இன்று முதல் மாற்றிவிட்டேன். மேனேஜரிடம் காதில் சீழ் என்று மட்டும் சொன்னேன். மற்றது உன் அம்மா விரும்பினால் சொல்லட்டும்.

இடது பக்கம் நின்று கூப்பிட்டபோதெல்லாம் அவர் முகம் கொடுக்காமல் இருக்கிறார் என்று நினைத்தேன். மனசில்தான் ஏதோ என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் சொன்ன பொய்யை நம்பி உனக்கு வேறு புத்தி சொன்னேன். மன்னித்துக்கொள்.

யார் சொன்னது என்று கேட்டார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். "வேற யாரு, எங்கூட்டு சின்ன போலீஸ்தான்" என்று சிரித்தார். பிறகு ரொம்ப நேரம் அழுதார்.

சத்தியவேட்டில் என் அறைக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது. வீட்டுக்காரர் கீழேயே இருக்கிறார், நல்ல மனிதர். வந்துவிடுங்கள் என்றேன். "நான் இன்னா சொல்றது மேடம்? தேன்மொழி சரின்னா சரி" என்றார்.

நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா,
மோகனப்ரியா

—

18.11.2025, இரவு

மேடம் அவர்களுக்கு,

அக்கா என்று கூப்பிடச் சொன்னீர்கள். எழுதிப் பார்த்தேன், வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்று பாத்திரம் கழுவும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடம் பக்கத்து ரூமுக்குப் போயிடலாமாடி? உனக்கு அவங்களைக் கண்டா ஆகாதுன்னு தெரியும். வாணாம்னா சொல்லு, வாணாம்" என்றாள்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் எனக்காகக் காத்திருப்பது நன்றாக இருந்தது. அதனால் கழுவிய தட்டையே இன்னொரு தடவை கழுவினேன்.

அப்புறம் சரி என்றேன். "உனக்கு அடிச்சது வலிச்சிதாம்மா?" என்றும் கேட்டேன். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். உங்களுக்குச் சொல்லாததையும் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன்.

சனிக்கிழமை நைனா வருவதற்குள், வியாழக்கிழமையே வந்துவிடுகிறோம். உங்களைப் பிடித்துப்போய் வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்களோடு சாப்பிடலாம். மற்ற நாட்களில் தட்டிவிட்டு வாருங்கள். கதவை நான்தான் திறப்பேன்.

நைனா வந்து தட்டினால் மட்டும் நான் திறக்கமாட்டேன். உங்கள் அறைப் பக்கத்துச் சுவரில் குத்துவேன். நீங்கள் எழுந்து வந்துவிட வேண்டும்.

சுந்தரம்மாவின் மகள்,
தேன்மொழி