அவ சாப்பிட்டாச்சு

மார்ச் 3, ஞாயிறு

இன்று மதியம் இருந்தவர்கள்: மகன், மருமகள், மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மா, பேத்தி வாலு, நான். மேசைக்கு நாலு நாற்காலி. நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன்.

சம்பந்தியம்மா என்னையும் உட்காரச் சொன்னாள், உதட்டளவில். வாலு பிறந்த அன்றைக்கே, மூக்கு எங்க வீட்டு மூக்கு என்று உரிமை கொண்டாடியவள் அவள். நான் மறந்தால்தானே. நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள், "அத்தை அப்பவே சாப்பிட்டாச்சும்மா" என்றாள்.

உண்மைதான். மாத்திரைக்காக முன்னாலேயே சாப்பிட்டுவிட்டேன். அவள் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் வயிற்றுக்குள் எதுவோ கதவு மாதிரி திறந்துகொண்டது.

எல்லோரும் கூடத்துக்குப் பேசப் போனார்கள். நான் சமையலறைக்குப் போனேன். போனேனா? கால் போயிற்று, பின்னாலேயே நானும் போனேன். திரைச்சீலை வழியாக வந்த வெயில் கொட்டிய பால் போலத் தரையில் கிடந்தது. கூடத்துச் சிரிப்பு தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. பிஸ்கட் டப்பாவைச் சத்தமில்லாமல் திறக்க எனக்குத் தெரியும் — மூடிமேல் துண்டைப் போட்டு ஓரத்தை நெம்ப வேண்டும். நின்றபடியே தின்றேன். பிறகு ரொட்டி, ஜாம், கடைசியில் வெறும் சர்க்கரை. எதற்கும் ருசி இல்லை. சர்க்கரை டப்பாவின் அடித்தகரம் விரலில் தட்டியபோதுதான் விழித்தேன்.

மார்ச் 4, திங்கள்

கால் மரத்துக் கிடக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9, சனி

சர்க்கரை பார்க்கும் நர்ஸிடம் போனேன். ஒருமுறை என் எடையை வரிசைக்கே கேட்கும்படி வாசித்தவள் இவள். அன்று அவள் போட்டிருந்த தோடுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, பச்சைக் கல்.

இந்த அளவிலேயே போனால் கண்ணும் காலும் போய்விடும் என்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. என்ன தின்றேன் என்றும் கேட்கவில்லை. "திங்கறதுக்கு முன்னாடி என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டாள்.

பசி என்றேன்.

"எப்ப இருந்து பசி?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். மறுபடி கை அந்தப் பக்கம் போனால் தடுக்க வேண்டாமாம். தட்டில் எடுத்து வைத்து, உட்கார்ந்து தின்ன வேண்டுமாம். இது ஒரு வைத்தியமா?

மார்ச் 10, ஞாயிறு

விடியற்காலையில் கனவு. பெரியம்மா வீடு. அம்மா இறந்துபோன வருஷம் அது. அப்பா என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். கனவில் மேசை தெரு நீளத்துக்கு நீண்டது. தட்டுகள் நிலா நிலாவாக என்னைத் தாண்டி மிதந்து போயின. இருந்தவர்கள்: பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பையன்கள், அப்பா. யாரோ என்னைக் காட்டி, இவளுக்குத் தட்டு எங்கே என்றார்கள். "அவ சாப்பிட்டாச்சு" என்றாள் பெரியம்மா.

அப்பா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது கனவில்லை. நடந்ததுதான். மேசைதான் அவ்வளவு நீளமில்லை.

மார்ச் 20, புதன்

மறுபடியும். வாலு பள்ளிச் சுற்றுலாவுக்குக் கொண்டுபோக வாங்கி வைத்திருந்த கேக். முழுசும்.

சாயங்காலம் மருமகள் வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டு வாலுவைப் பிடித்துக்கொண்டாள். "நான் எடுக்கலம்மா" என்றது பிள்ளை. "தின்னுட்டுப் பொய் வேறயா" என்றாள் இவள். மகன் வந்தான், சுற்றுலாவே கிடையாது என்றுவிட்டான். வாலு என்னைப் பார்த்தாள். தெரிந்து பார்க்கவில்லை, நான் அங்கே இருந்தேன், அதனால் பார்த்தாள்.

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

வாயில் இன்னும் அந்த இனிப்பு. ஏன் வாய் திறக்கல? என்ன வந்துச்சு எனக்கு? குழந்தை அழுவுது, நான் செருப்பைப் பாக்கறேன். இந்தப் பார்வையை நான் எங்கேயோ பார்த்திருக்கேன் —

மார்ச் 21, வியாழன்

காலையில் எல்லோரும் மேசையில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். "கேக்கை நான்தான் தின்னேன்."

மகன் டம்ளரை வைத்தான். மருமகள், "முழுசுமா அத்தை?" என்றாள்.

"முழுசும்."

வாலுதான் பேசினாள். "எனக்கு ஒரு துண்டாவது வச்சிருக்கலாம்ல பாட்டி." மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டான். சுற்றுலா உண்டு என்று பேப்பருக்குப் பின்னாலிருந்தே சொன்னான்.

பிற்பாடு மருமகள் பாத்திரம் கழுவிக்கொண்டே, தான் ஏதாவது சொல்லி என் மனசு நொந்துபோயிற்றா என்று கேட்டாள். பெரியம்மா வீட்டுக் கதையைச் சொன்னேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். டப்பாவைப் பூட்டி வைப்பாள் என்று நினைத்தேன். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மார்ச் 30, சனி

பாதி டப்பா. ஆனால் பாதியில் விழித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சம்பந்தியம்மா வந்திருந்தாள். வாலுவின் படிப்பு நாற்காலியும் மேசைக்கு வந்துவிட்டது. சாப்பிட்டாச்சு என்று என்னைப் பற்றி யாரும் சொல்லவில்லை. "அத்தை, உங்களுக்கு?" என்று மருமகள் என்னையே கேட்டாள். எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன்.

எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு கால் சமையலறைக்குப் போயிற்று. நானும் கூடவே போனேன், இந்தத் தடவை பக்கத்திலேயே. மூடியைத் துண்டு போடாமல் திறந்தேன். டங்கென்றது. இரண்டு பிஸ்கட்டைத் தட்டில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெயில் மடியில் வந்து படுத்துக்கொண்டது. இத்தனை வருஷம் தின்ற பிஸ்கட்டில் கொஞ்சம் உப்பும் இருக்கிறது, இன்றுதான் தெரிந்தது. இரண்டாவது அப்படியே தட்டில் இருக்கிறது.

உட்கார்ந்தபடி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். பெரியம்மா போகட்டும். சட்டி சின்னது, பிள்ளைகள் அதிகம். பச்சைக் கல் தோடும் போகட்டும். மூக்கு விஷயம் — பார்க்கலாம்.

ஆனால் "இல்ல, அவ சாப்பிடல" என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு வாய்ச் சோற்றை விழுங்கும் நேரம்கூட ஆகாது.

மன்னிக்க மாட்டேன். என் அப்பாவை.